மலைக்குள்ளால் போய் வந்த சித்தப்பா

குழு: வட்டக்கச்சி வீட்டார்
(முள்ளியவளை ஆரபியின் கைபேசியில் உள்ளபடி, இலங்கை நேரம்)

ஞாயிறு, ஆகஸ்ட் 2025

காலை 6.48 துஷி அக்கா: எல்லாருக்கும் காலை வணக்கம். எங்களுக்கு இங்கே இரவு. இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். அப்பா அந்தப் புது ரோலர் கோஸ்ரரில் ஏறிவிட்டார்.

6.49 துஷி அக்கா: [படம்]

6.51 ரஞ்சி சித்தி: இது ஆர்?

6.51 ரஞ்சி சித்தி: ஐயோ, இவரா இது? வாயில் பல்லைக் காணவில்லை!

6.53 சுதன் அத்தான்: பல்லு பத்திரம் மாமி. ரிசுவில் சுற்றி என்னிடம் தந்தவர். ஏறுகிறவர்கள் பொக்கற்றில் ஒன்றும் வைத்திருக்கக்கூடாது. வாயில் இருப்பதும் அந்தக் கணக்கில் வருமோ என்று யோசித்துவிட்டு மாமா தானாகவே கழற்றித் தந்தார். கண்ணாடி, போன், மணிக்கூடு, பல்லு, நாலும் என் பொறுப்பில்.

6.54 ரஞ்சி சித்தி: அப்போ தம்பி நீங்கள் ஏறவில்லையோ?

6.54 துஷி அக்கா: அவர் பிரஷர் குளிசை போடுகிற ஆள் அம்மா. வாசலிலேயே போர்ட் போட்டிருக்கிறார்கள், இதயம், இரத்த அழுத்தம், கழுத்து முதுகு வருத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று. மூன்று கிழமையாக வீட்டில் வீரம் பேசியவர், போர்டைக் கண்டதும் நல்ல பிள்ளையாகக் கதிரை பார்த்து இருந்துவிட்டார்.

6.56 மோகன் மாமா: விசிற்றர் விசாவில் போன மனுசன் பேரனைப் பார்த்தோமா, நாலு கோயிலுக்குப் போனோமா என்று இருக்க வேண்டாமா? மச்சானுக்கு அறுபது தாண்டிவிட்டது. இது தேவையோ?

6.58 ஆரபி: அக்கா, அல்பென்பியூரியா? ரிக்ரொக் முழுக்க அதுதான்.

7.02 துஷி அக்கா: ஓம், அதேதான். ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரத்தில் இருக்கிற கனடாஸ் வொண்டர்லாண்டில். போன மாதம் ஜூலையில்தான் திறந்தார்கள். அந்தப் பார்க் தொடங்கியது 1981 இல். அன்றிலிருந்து நடுவில் ஒரு செயற்கை மலை இருக்கிறது, முன்னால் அருவி விழும். எங்கள் சனம் வந்தால் அதற்கு முன்னால் நின்று குடும்பப் படம் எடுக்கும், அவ்வளவுதான். இப்போது அந்த மலைக்குள்ளால் தண்டவாளம் போட்டு, உச்சியால் ஆளை வெளியே எறிகிறார்கள்.

7.03 துஷி அக்கா: 115 கிலோமீற்றர் வேகம். 50 மீற்றர் உயரம். தண்டவாளம் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். 9 இடத்தில் தலைகீழ்.

7.04 ரஞ்சி சித்தி: ஒன்பது தரமா?

7.04 ரஞ்சி சித்தி: நான் இங்கே வெட்டு மெசின்காரனுக்குப் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறேன். நெல்லு முற்றி நிற்கிறது. இவர் அங்கே தலைகீழாகத் தொங்குகிறார்.

7.06 கபில் அண்ணா: அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "தம்பி, சாப்பிட்டிட்டோ ஏறினனீ? வெறும் வயிற்றோடயோ?"

7.15 சித்தப்பா: பல்லைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இனிச் சொல்கிறேன்.

7.21 சித்தப்பா: அண்ணி, சாப்பாடு பிறகுதான். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். அதனால் துஷி இடியப்பமும் சம்பலும் கட்டி வந்து காருக்குள் வைத்திருந்தாள். மத்தியானம் வெளியே வந்து டிக்கியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டோம். பக்கத்துக் காரும் தமிழ்ச் சனம்தான், அவர்களிடம் கோழிக் குழம்பு. கொஞ்சம் இங்காலும் வந்தது.

7.26 சித்தப்பா: வரிசை நீளம்தான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல். ஆனால் 2022 இல் கிளிநொச்சியில் பெற்றோலுக்கு நின்றவனுக்கு இதெல்லாம் வரிசையில்லை. முன்னால் நின்ற பெடியனின் தாய் விசுவமடு. "அண்ணை எவ்விடம்" என்று கேட்டார், வட்டக்கச்சி என்றேன், பிறகு ஆர் எவர் என்று கதைத்துக் கதைத்தே கிட்டப் போய்விட்டோம். அந்தப் பெடியன் மட்டும் வாய் திறக்கவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகளும் அப்படித்தான், கிட்டப் போகப் போக எல்லாரும் அமைதி. பயம் முழுக்க அந்த வரிசையில்தான் கிடக்கிறது. ஏறின பிறகு பயப்பட நேரமில்லை.

7.28 மோகன் மாமா: அது சரி, ஏறின பிறகு என்ன நடந்தது, அதைச் சொல்லு.

7.37 சித்தப்பா: கம்பியை மடியில் இறக்கினார்கள். ஒரு பிள்ளை வந்து ஒவ்வொருவரையும் பிடித்து அமத்தி இழுத்துப் பார்த்தது. பேரன் பக்கத்தில். அவன் என் கையைப் பிடிப்பான் என்று பார்த்தால் நான்தான் அவன் கையைப் பிடித்திருந்தேன். வண்டி மெல்ல வெளிக்கிடும் என்று நினைத்தேன். இல்லை. ஒரே இழுவை. முதுகு கதிரையோடு ஒட்டிவிட்டது. பிறகு மலைக்குள் இருட்டு. அதற்குள் இன்னொரு தரம் இழுத்தது பாருங்கோ, அதுதான் இழுவை. நேரே மேலே. இருட்டுக்குள் இருந்தவன் சடாரென்று வெளிச்சத்துக்குள் வந்தேன், கீழே முழுப் பார்க்கும் தெரிந்தது. பார்த்து முடிய முன் தலைகீழ்.

7.38 சித்தப்பா: நாலு வரைக்கும் எண்ணினேன். பிறகு எது மேல் எது கீழ் என்றே தெரியவில்லை, எண்ணி என்ன?

7.41 கபில் அண்ணா: அம்மா கேட்கிறா: "அந்தச் சத்தம் ஒன்றும் செய்யேல்லையோ தம்பி?"

7.46 சித்தப்பா: செய்தது அண்ணி. வரிசையில் நிற்கும்போது மலைக்குள்ளிருந்து ஒரு கூவல் எழும்பி வரும். முதல் தரம் கேட்டபோது சண்டைக்கால ஞாபகத்தில் என்னையறியாமல் குனிந்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் கிழவனுக்குப் பயம் என்று சிரித்தார்கள். விசுவமட்டுத் தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவவும் குனிந்துதான் நின்றா.

7.47 கபில் அண்ணா: அம்மா ஒன்றும் சொல்லவில்லை சித்தப்பா, தலையாட்டுகிறா.

7.52 சித்தப்பா: இரண்டு மூன்று வண்டி போன பிறகு காது பழகிவிட்டது. சத்தம் போன கையோடு மேலேயிருந்து பிள்ளைகள் கத்துகிற கத்தும் கேட்கும். அது சந்தோசக் கத்தல்தானே.

7.58 ஆரபி: கபில் அண்ணா, இந்த வண்டியைச் சங்கிலியால் இழுக்கவில்லையா? எப்படி மேலே போகிறது?

8.04 கபில் அண்ணா: இதற்குச் சங்கிலி இல்லை. தண்டவாளத்தில் வரிசையாக மின்காந்தச் சுருள்கள் இருக்கும், வண்டியின் அடியில் நிலையான காந்தங்கள். சுருள்களை ஒன்றன் பின் ஒன்றாக இயக்கினால் காந்தப்புலம் முன்னுக்கு ஓடும், வண்டி அதன் பின்னால் ஓடும். தள்ளி விட்ட பிறகு மோட்டரும் இல்லை ஒன்றும் இல்லை, மிச்சம் புவியீர்ப்பு. உனக்கு நவம்பரில் சோதனை, ஒரு கணக்குச் செய். 115 கிலோமீற்றர் வேகத்தில் விட்ட வண்டி, உராய்வு இல்லையென்றால், எவ்வளவு உயரம் போகும்? புவியீர்ப்பு ஆர்முடுகல் g = 10.

8.11 ஆரபி: செக்கனுக்கு கிட்டத்தட்ட 32 மீற்றர். இயக்கசக்தி முழுவதும் அழுத்தசக்தியாக மாறினால் h = v²/2g. 51 மீற்றர் வருகிறது அண்ணா! அக்கா சொன்ன 50!

8.12 ஆரபி: ஆனால் சித்தப்பாவின் திணிவு வேண்டாமா?

8.13 கபில் அண்ணா: வேண்டாம். இரண்டு பக்கமும் m இருக்கிறது, வெட்டுப்படும்.

8.14 ரஞ்சி சித்தி: இவருடையது எங்கே வெட்டுப்படுகிறது? போய் ரெண்டு மாதத்தில் காற்சட்டை பூட்டுப்படவில்லையாம்.

8.16 மோகன் மாமா: எல்லாம் சரி, கரண்ட் போனால்? பெப்ரவரியில் பாணந்துறை மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து இலங்கை முழுக்க இருண்டதே. அங்கேயும் ஒன்று பாய்ந்தால் மச்சான் தலைகீழாக அல்லவா நிற்பார்?

8.23 கபில் அண்ணா: நிற்கமாட்டார் மாமா. கரண்ட் தேவைப்படுவது தள்ளிவிடத்தான். ஓடத் தொடங்கிய வண்டி ஓடி முடித்துவிடும். தள்ளியது காணாமல் உச்சியைத் தாண்டாவிட்டால் வந்த வழியே பின்னுக்கு வரும், அதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். காந்தத் தடைக்குக் கரண்டே வேண்டாம். நிலையான காந்தங்களுக்கு நடுவில் உலோகத் தகடு ஓடினால் அதுவாகவே இழுத்துப் பிடிக்கும். சில்லுகளும் தண்டவாளத்தின் மேலே, பக்கத்தில், அடியில் என்று மூன்று பக்கமும் கவ்வியிருக்கும், கழன்று விழ வழியில்லை. எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருகிற ராட்டினத்தில் குறுக்கே ஒரு கம்பியைப் போட்டுவிட்டு ஊசியைத் தேடுவானே, அதில் ஏறத்தான் எனக்குப் பயம்.

8.25 ஆரபி: தலைகீழ் வளையம் ஏன் முழு வட்டமாக இல்லை? படத்தில் மேலே ஒடுங்கி இருக்கிறது.

8.31 கபில் அண்ணா: நல்ல கேள்வி. உச்சியில் வேகம் குறைவு, அதனால் ஆரையைச் சின்னதாக்குவார்கள். அடியில் வேகம் கூட, ஆரையும் பெரிது. முழு வட்டமாகச் செய்தால் அடியில் மையநாட்ட ஆர்முடுகல் கழுத்தை முறித்துவிடும். அந்தக் காலத்தில் அப்படிச் செய்து ஆட்கள் நொந்துபோய், வளையத்தையே கைவிட்டார்கள். 1976 இல் கலிபோர்னியாவில் வேர்னர் ஸ்ரெங்கல் என்ற ஜேர்மன் பொறியியலாளர் கண்ணீர்த்துளி வடிவில் கணக்குப் போட்டுக் கொடுத்த பிறகுதான் வளையம் திரும்பி வந்தது.

8.33 ரஞ்சி சித்தி: கபில், ரியூசன் காசு ஆரிடம் வாங்கப் போகிறாய்?

8.40 துஷி அக்கா: நாங்கள் படுக்கப் போகிறோம். ஒன்று மட்டும். அப்பா அதோடு நிற்கவில்லை. பிறகு பழைய மரக் கோஸ்ரரிலும் ஏறினார். மைன்பஸ்ரர், பார்க் திறந்த 1981 இலிருந்தே இருக்கிறது.

8.42 சித்தப்பா: அதைக் கேட்காதேங்கோ. புதியது வெண்ணெய். இந்த மரத்தது, மழைக்குப் பிறகு வாய்க்கால் வரம்பால் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் போன மாதிரி. இடுப்பு இன்னும் நோகிறது.

8.43 ரஞ்சி சித்தி: இஞ்சருங்கோ, சித்தாலேப தைலம் பூசிவிட்டுப் படுங்கோ.

மதியம் 12.34 நிரோ மச்சான்: லண்டனில் இப்போதுதான் விடிந்தது. 94 மெசேஜ், வீட்டில் ஆருக்கும் ஏதோ நடந்துவிட்டது என்று பயந்துவிட்டேன்.

12.41 நிரோ மச்சான்: மாமா, வாழ்த்துகள். ஆனால் 50 மீற்றர் பெரிய விசயமில்லை. எங்கள் தோர்ப் பார்க்கில் 2024 மே மாதம் ஹைப்பீரியா திறந்தார்கள், 72 மீற்றர், 130 கிலோமீற்றர். பிரித்தானியாவில் ஆக உயரமானதும் ஆக வேகமானதும் அதுதான். அதில் பிட்டம் கதிரையில் படவே படாது. இறங்கின பிறகு கால் இரண்டும் என் சொல்லைக் கேட்கவில்லை.

12.44 மோகன் மாமா: மகனே, வேலை தேடப் போன இடத்தில் நீயும் இதுதான் செய்தாயா?

12.45 நிரோ மச்சான்: அப்பா, அது வேலை கிடைத்த பிறகு.

மாலை 5.52 துஷி அக்கா: காலை வணக்கம். நிரோ, உயரம் என்றால் எங்கள் வொண்டர்லாண்டிலேயே லெவயாதன் என்ற கோஸ்ரர் இருக்கிறது, 2012 இலிருந்து. 93 மீற்றர், 148 கிலோமீற்றர். இனிப் பேசு.

5.54 நிரோ மச்சான்: ஏறினீங்களா மச்சாள்?

5.58 துஷி அக்கா: ஏறினேன். சொன்னால் நம்பமாட்டாய், எனக்குப் புதியதை விட அதுதான் பயம். சங்கிலி டக் டக் என்று மெல்ல இழுத்துக்கொண்டு போகும். கார்ப் பார்க்கில் எங்கள் காரைத் தேடிப் பிடிக்கவே நேரம் இருந்தது. வீட்டில் காஸ் அடுப்பை நிற்பாட்டினேனா என்று யோசித்தேன். உயிலைப் பற்றியும் யோசித்தேன். அல்பென்பியூரியில் அப்படி யோசிக்க விடமாட்டார்கள். "ஐயோ" என்று வாய் திறக்கும்போது மலைக்கு வெளியே நிற்போம்.

6.03 ஆரபி: லெவயாதனுக்கும் கணக்குப் போட்டேன். 148 இற்கு 84 மீற்றர்தான் வருகிறது. 93 மீற்றரால் இறங்குகிறது. மிச்சம் 9 மீற்றர் எங்கே?

6.07 கபில் அண்ணா: தண்டவாளத்தின் அடி நிலத்தோடு ஒட்டியிருக்க வேண்டுமென்று இல்லையே. மிச்சத்தைக் காற்றும் உராய்வும் தின்றுவிடும். இதைத்தான் வினாத்தாளில் "சக்தி இழப்பைப் புறக்கணிக்க" என்று போடுகிறார்கள்.

6.20 மோகன் மாமா: துஷி பிள்ளை, வயது போன ஆட்களுக்கு ரிக்கற் குறைவோ?

6.21 ரஞ்சி சித்தி: அத்தான்! ஏன் கேட்கிறீங்கள்?

6.22 மோகன் மாமா: சும்மா. அடுத்த மாதம் எங்களுக்கும் விசா வந்தால் போகிறதுதானே. பொது அறிவுக்கு.

6.24 நிரோ மச்சான்: அப்பா, நெஞ்சில் ஸ்ரென்ட் வைத்து எத்தனை மாதம்? வாசலில் போர்ட் இருக்கிறது என்று அக்கா காலையிலேயே சொல்லிவிட்டா.

6.26 மோகன் மாமா: போர்டை வாசிக்க எனக்கு இங்கிலிஷ் தெரியாது என்று சொல்லலாம்.

6.27 கபில் அண்ணா: அம்மா சொல்கிறா: "மோகனை ஏத்தினா நான் இந்தக் குரூப்பை விட்டுப் போயிடுவன்."

6.29 சித்தப்பா: அத்தான், வாங்கோ. பார்த்துக்கொண்டு இருந்தாலே போதும், நல்ல பொழுதுபோக்கு. ஏறப்போகிறவர்களின் முகத்தையும் இறங்கி வருகிறவர்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கலாம்.

6.31 சுதன் அத்தான்: மாமா, அருவிக்குப் பக்கத்தில் நிழலாக ஒரு வாங்கு இருக்கிறது. நான் பிடித்து வைக்கிறேன். பல்லுச் செட் இருந்தால் உங்களிடம் தரச் சொல்கிறேன்.

6.32 மோகன் மாமா: என்னுடைய பல்லு என்னுடைய சொந்தப் பல்லு தம்பி.