உலோகக் கழல்வு: ‘கசிவு’க்கு மாற்றாக ஒரு சொல்

வணக்கம்.

நீர்ச் சுத்திகரிப்பு பற்றி நான் எழுதிய குறிப்பு ஒன்றில் “வினையூக்கியிலிருந்து கோபால்ட் கசிகிறது” என்று ஒரு வரி இருந்தது. சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் நண்பர் அதைப் படித்துவிட்டு, “எந்தக் குழாயில கசியுது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கசிவு என்றால் எங்கோ விரிசல் இருக்க வேண்டும், உள்ளே இருப்பது வெளியே வர வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. வினையூக்கித் துகள் நீருக்குள்தான் கிடக்கிறது. அதன் பரப்பில், படிகக் கட்டமைப்பில் பிணைந்திருந்த கோபால்ட் அயனி, பிணைப்பு விட்டு நீரில் சேர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘leaching’ எனப்படும் இதற்குத்தான் நமக்குச் சொல் இல்லை.

நீரில் உள்ள மாசை வேதிவினையால் சிதைக்கும் இந்த முறைக்கு வழங்கும் ‘மேம்பட்ட ஆக்சிஜனேற்றம்’ என்ற பெயரில் எனக்குச் சண்டை இல்லை. ‘மேம்பட்ட’ எதையும் விளக்காத அடைமொழிதான், ஆனாலும் புழங்கிவிட்டது. ஈழத்து நண்பர்கள் ஒட்சியேற்றம், ஊக்கி என்று எழுதினாலும் நமக்குப் புரிகிறது. கசிவு விஷயம் அப்படி இல்லை, அது தவறான படத்தையே மனதில் வரைகிறது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், இந்தத் துறையில் உலோக வினையூக்கி பற்றிய முதல் கேள்வியே உலோகம் அதிலிருந்து பிரிந்து நீரில் சேர்கிறதா என்பதுதான். 1894-இல் வேதியியலாளர் ஃபென்டன் இரும்பு உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து டார்டாரிக் அமிலத்தை ஆக்சிஜனேற்றம் செய்து காட்டினார். அந்த முறையில் இரும்பு நீரிலேயே கரைந்திருக்கும். வினை நன்றாக நடக்க பி.எச். 3-ஐ ஒட்டி இருக்க வேண்டும். வேலை முடிந்து நீரை நடுநிலைக்குக் கொண்டுவந்தால் இரும்பு செம்பழுப்புச் சேறாகப் படியும், அதை அப்புறப்படுத்துவது தனி வேலை. அதனால்தான் உலோகத்தைத் திண்மத்துக்குள் கட்டிவைக்கப் பார்த்தார்கள்: இரும்பு ஆக்சைடு, கோபால்ட் ஆக்சைடு, காப்பர் ஃபெரைட் (தாமிரமும் இரும்பும் சேர்ந்த ஆக்சைடு) என்று. கட்டிவைத்தது கட்டிலேயே நிற்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அந்த முயற்சிக்கே மதிப்பு.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாயம் கலந்த நீரில் கோபால்ட் ஆக்சைடுத் துகளைப் போட்டு, பெராக்சிமோனோசல்ஃபேட் என்ற ஆக்சிஜனேற்றியைச் சேர்த்தால், வினைத்திறன் மிக்க சல்ஃபேட் தனி உறுப்புகள் உருவாகி நிறம் வெளுக்கத் தொடங்கும். பாதி வெளுத்ததும் துகள் முழுவதையும் வடிகட்டி எடுத்துவிட்டு, வடித்த நீரை அப்படியே விட்டுவைக்க வேண்டும். பெராக்சிமோனோசல்ஃபேட் இன்னும் மீதி இருக்கிறது, துகள் இல்லை. நிறம் அதற்கு மேல் மாறவில்லை என்றால் வேலை செய்தது திண்மத்தின் பரப்பு. தொடர்ந்து வெளுத்துக்கொண்டே போனால், நீரில் சேர்ந்துவிட்ட கோபால்ட்டும் வேலை செய்கிறது என்று பொருள். மிகச் சிறிய அளவு கோபால்ட் அயனியே பெராக்சிமோனோசல்ஃபேட்டைத் தூண்டப் போதும் என்பதால், இந்தச் சோதனை செய்யாமல் ‘திண்ம வினையூக்கி’ என்று உரிமை கொண்டாடக் கூடாது. அப்புறம், மாசை நீக்கப் போன இடத்தில் நாமே கோபால்ட்டைக் கலந்துவிட்டோம் என்ற கவலை வேறு.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘கரைதல்’ என்று வைக்கலாமே என்றார் ஒருவர். காப்பர் ஃபெரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரமும் இரும்பும் ஒரே விகிதத்தில் வெளியேறுவதில்லை. ஒன்று கூடுதலாகப் போய், மீதிக் கட்டமைப்பு அப்படியே நிற்கலாம். கரைதல் என்றால் திண்மமே கரைந்து போவதாகப் படும். ‘அரிப்பு’ வேறு துறையின் சொல். ‘வேதிக்கழுவுதல்’ உலோகவியலில் தாதுவிலிருந்து நாமே விரும்பி உலோகத்தைப் பிரிக்கும் வேலை. ‘உதிர்வு’ எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் உதிர்வது இலை, முடி, சுண்ணாம்புப் பூச்சு மாதிரி துண்டாக விழுவது. துகள் பெயர்ந்து வருவதற்கு அதை ஒதுக்கிவைக்கலாம். துணியில் ‘சாயம் இறங்குகிறது’ என்கிறோமே, அதிலிருந்து ‘இறங்கல்’ என்று எடுத்தேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததும் ‘இரங்கல்’ வந்து நின்றது. விட்டுவிட்டேன்.

நான் முன்வைப்பது ‘கழல்வு’. திருகு கழல்கிறது, கைப்பிடி கழன்று வருகிறது, அகப்பாடல் தலைவியின் கையிலிருந்து வளை கழல்கிறது. எல்லாவற்றிலும் பொருள் அப்படியே இருக்க, அதில் பொருந்தியிருந்த ஒன்று பிடி தளர்ந்து தானாக விலகுகிறது. வினையூக்கியில் நடப்பதும் அதுவே. தவிர, தமிழில் தன்வினை, பிறவினை வேறுபாடு கையில் இருக்கிறது. நாம் விரும்பாமல் நடப்பது கழல்வு. பழைய வினையூக்கியை அமிலத்தில் போட்டு உலோகத்தை மீட்டெடுத்தால் அது கழற்றல். ஒரே வினையடியில் இரண்டும் கிடைக்கின்றன. கழன்ற கோபால்ட், கழலாத இரும்பு, கழல்வு அளவு என்று தொடர்களும் தடையில்லாமல் வருகின்றன. ‘சுழற்சி’ போல ‘கழற்சி’ என்று ஆக்க வேண்டாம், அது ஒரு செடியின் பெயர்.

ஒரே ஒரு இடத்தில் எனக்கே தயக்கம். 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்த நீரை அளந்து, கிடைத்த உலோகம் முழுவதையும் கழன்றதாகக் கணக்கு வைப்பது வழக்கம். அதைவிடச் சிறிய நுண்துகளும் வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும், அது உண்மையில் உதிர்ந்தது. அட்டவணைத் தலைப்பில் ‘வடிநீரில் உலோகம்’ என்று எழுதிவிட்டு, அயனி என்று உறுதியான பின் மட்டும் கழல்வு என்று சொல்வதே நேர்மை என்று நினைக்கிறேன். வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள்.

குறிப்பை “கோபால்ட் அயனிகள் வினையூக்கியின் பரப்பிலிருந்து கழல்கின்றன” என்று திருத்தி அதே நண்பரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “கழலாம இருக்க என்ன செய்யணும்?” என்றார். நீரை அமிலத்தன்மைக்குப் போகவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் தொடங்கிப் பேசினோம். மாசு சிதையும்போது உண்டாகும் ஆக்சாலிக் அமிலம் இரும்பைப் பற்றி இழுக்கும் என்பது வரை அன்றைய பேச்சு போனது.