செங்கோட்டைல ரயிலுக்குப் பின்னாடி இன்னொரு இன்ஜின் எதுக்கு மாட்டுறாங்க?

ஜன்னலோரம்:
வணக்கம் மக்களே. போன வாரம் மதுரைல இருந்து குருவாயூர் வண்டில புனலூர் வரைக்கும் போனேன், வேலை ஒண்ணும் கிடையாது, அந்த மலைப்பாதைய பாக்கணும்னு மட்டும்தான். கடைசிப் பெட்டில கூட்டம் இல்லைன்னு அதுலயே ஏறி உக்காந்துட்டேன். செங்கோட்டைல வண்டி நின்னப்ப எட்டிப் பாத்தா பின்னாடி ஒரு இன்ஜின் ஊர்ந்து ஊர்ந்து வந்து டங்குன்னு எங்க பெட்டில முட்டுது, பக்கத்துல நின்னு டீ குடிச்சிட்டு இருந்தவருக்குப் பாதி டீ சட்டைல. ஒருத்தர் நடுவுல குனிஞ்சு போய் ரப்பர் குழாய மாட்டினாரு, புஸ்ஸுன்னு காத்து. அப்புறம் முன்னாடி இன்ஜின் குட்டியா ஒரு ஹாரன், பின்னாடி இன்ஜினும் அதே மாதிரி ஒண்ணு, வண்டி கிளம்பிருச்சு.

ஏறும்போது தள்ளுதுன்னு வச்சுக்கலாம். ஆனா குகை தாண்டி ஆரியங்காவுக்கு அப்புறம் இறக்கம்தானே, அங்க கழட்டி விடாம புனலூர் வரைக்கும் கூடவே ஏன் வருது? கடைசிப் பெட்டில இருந்து பின்னாடி தண்டவாளத்த வீடியோ எடுக்கலாம்னு போனா வழி முழுக்க இன்ஜின் மூஞ்சிதான் தெரிஞ்சுது, அந்த வயித்தெரிச்சல் வேற.

கரிப்புகை:
திரும்பி வர்ற வண்டிக்கு இன்ஜின் வேணும்ல ப்ரோ, தனியா ஓட்டிட்டுப் போறதுக்குப் பதிலா இதுலயே மாட்டி அனுப்புறாங்க. அவ்வளவுதான் மேட்டர்.

குற்றாலச்சாரல்:
கரிப்புகை, தெரியாட்டி சும்மா இரும் வே. சும்மா கூட்டிட்டுப் போற இன்ஜின்னா எதுக்கு பிரேக் குழாய மாட்டி, ஹாரன் அடிச்சு பதில் சொல்லணும்? முன்னாடி டிரைவர் ஒரு குட்டி ஹாரன் அடிச்சா "நான் ரெடி"ன்னு அர்த்தம், பின்னாடி இருக்கவரு அதே மாதிரி அடிச்சா "நானும் ரெடி". இந்த இன்ஜினுக்கு பேங்கர்னு பேரு.

1904ல போட்ட லைன் இது, திருவிதாங்கூர் ராஜா காலம், குகை வாசல்ல சங்கு முத்திரை இருக்கும் பாத்தீரா? மீட்டர் கேஜ்ல நான் காலேஜ் போன காலத்துலயும் முன்னாடி ஒரு டீசல் பின்னாடி ஒரு டீசல்தான். 2010ல லைன மூடிட்டு 2018ல பிராட் கேஜா தொறந்தாங்க, நடுவுல எட்டு வருஷம் பஸ்ல போய் இடுப்பு ஒடிஞ்சது எங்களுக்குத்தான் தெரியும். கழுதுருட்டி பதிமூணு கண்ணு பாலத்தை மட்டும் இடிக்காம பலப்படுத்தி அதுமேலயே ஓட்டுறாங்க, நல்ல காரியம்.

லோகோநேசன்:
ஜன்னலோரம் கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லலையே. இறக்கத்துலதான் பேங்கருக்கு முக்கியமான வேலையே இருக்கு. ஏத்தத்துல இன்ஜின் திணறினா வண்டி நிக்கும், அவ்வளவுதான். இறக்கத்துல பிரேக் காலை வாரினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. பெட்டி சக்கரத்துல இருக்க பிரேக்கையே விடாம அழுத்திட்டு வந்தா சூடேறி பிடிமானம் குறையும், தீய்ஞ்ச வாடை அடிக்கும், அதனால இன்ஜினோட மோட்டாரையே பிரேக்கா மாத்துவாங்க. ஏறும்போது மோட்டார் கரண்ட்டை தின்னு சக்கரத்த சுத்தும், இறங்கும்போது உல்டா, சக்கரம் மோட்டாரை சுத்தி கரண்ட் உண்டாக்கும், அந்த இழுவைல வண்டி வேகம் எடுக்காது. டீசல் இன்ஜின்ல அந்தக் கரண்ட் சூடா மாறி வீணாப் போகும், புது எலக்ட்ரிக் இன்ஜின்ல மேல இருக்க கம்பிக்கே திரும்பப் போயிரும். ஒரு இன்ஜின் பிடிக்கிறதை விட ரெண்டு பிடிச்சா தெம்புதானே.

அப்புறம், ரெண்டையும் முன்னாடியே மாட்டினா மொத்த பாரமும் முதல் பெட்டி கப்ளிங்ல, அதாவது பெட்டிய இணைக்கிற கொக்கில தொங்கும், வளைவுல பெட்டிங்க உள்பக்கமா இழுபடும். பின்னாடி ஒண்ணு இருந்தா அந்த இழுவை பாதியாகும், ஏத்தத்துல கப்ளிங் அந்து போனாலும் பின்னாடி உருளாது.

மும்பை பக்கம் போனீங்கன்னா கர்ஜத்ல இதையே பெரிய அளவுல பாக்கலாம். லோனாவாலா ஏத்தம் 37 அடிக்கு 1 அடி, எக்ஸ்பிரஸ் எல்லாம் பேங்கர் மாட்ட கர்ஜத்ல நிக்கும், அந்த கேப்ல வித்தே அந்த ஸ்டேஷன் வடாபாவ் ஃபேமஸ் ஆயிருச்சு. அந்த மலைல பிரேக் பிடிக்காம ஓடி வர்ற வண்டிய திருப்பி விடுறதுக்குன்னே மேடா தனி லைன் போட்டு வச்சிருக்காங்க. வந்தே பாரத்துக்கு மட்டும் பேங்கர் கிடையாது, அதுல மோட்டார் பல பெட்டிங்களுக்கு அடில பரவி இருக்கு, தானே ஏறிரும்.

கரிப்புகை:
சரி சரி, தோத்துட்டேன் 😅

ஜன்னலோரம்:
லோகோநேசன் சார், இப்பதான் புரிஞ்சுது. தென்மலைக்கு அப்புறம் இன்ஜின்ல இருந்து ஒரு மாதிரி ஊளை சத்தம் வந்துச்சு, தள்ளுற சத்தம் மாதிரி இல்லையேன்னு அப்பவே யோசிச்சேன், பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கு! அப்போ ஊட்டி ரயில்ல இன்ஜின் பின்னாடி இருக்கதும் இதே காரணம்தானா?

லோகோநேசன்:
கிட்டத்தட்ட. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் இன்ஜின் எப்பவும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும், ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். அங்க ஏத்தம் 12 அடிக்கு 1 அடி, இரும்பு மேல இரும்பு வழுக்கிரும், அதனால கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் நடுவுல பல் வச்ச தண்டவாளம், இன்ஜினுக்கு அடில பல்சக்கரம். இன்ஜின் பின்னாடி இருக்கதால டிரைவருக்கு முன்னாடி வழி தெரியாது, ஒவ்வொரு பெட்டிலயும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்னு கொடி காட்டுவாரு. அங்கயும் கடைசிப் பெட்டில ஏறினா இன்ஜின் மூஞ்சிதான், இந்த தடவை முதல் பெட்டிக்கு டிரை பண்ணுங்க.

குற்றாலச்சாரல்:
ஆமா ஜன்னலோரம், புனலூர்ல இறங்கினீரே, 1877ல கட்டின தூக்குப்பாலத்தைப் பாத்தீரா?

ஜன்னலோரம்:
தூக்குப்பாலமா?? அந்த இன்ஜின கழட்டுறத பாத்துட்டு, ஒரு டீ குடிச்சிட்டு அடுத்த வண்டில ஊருக்குத் திரும்பிட்டேனே அண்ணாச்சி.

குற்றாலச்சாரல்:
நாசமாப் போச்சு.