வெளியுறவுக் கொள்கை உனக்கு எதற்கு என்கிறார்கள்

கேள்வி:
நாட்டு நடப்பைப் பேச வாய் திறந்தாலே, "இதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். வீட்டுக் கணக்கு எழுதுவது நான்தான். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு நுழைந்தது. சில வாரங்களிலேயே சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோல் என்று என் நோட்டில் ஒவ்வொரு வரியும் ஏறியது. நான் பேசக்கூடாதா?

பதில்:
தாராளமாகப் பேசுங்கள் அக்கா. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தபோது, சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. அன்றும் சமாளித்தவை வீடுகள்தான்.

பதில்:
விலையை மட்டும் வைத்துப் போரை அளக்காதீர்கள். அங்கே உயிர்கள் போகின்றன.

கேட்டவர்:
சரிதான், என் கோபமும் அதுதான். ஐ.நா. பாதுகாப்பு அவையில் 5 நிரந்தர நாடுகளில் ஒன்று வீட்டோ என்ற தடுப்பு வாக்கைப் போட்டாலே, போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானம்கூடச் செத்துவிடுகிறது. அந்த அதிகாரம் ஒழிய வேண்டும். இன்று இரவு வீட்டில் இதையே சொல்லப் போகிறேன்.