ரோயிங் பற்றிய சிறுகதை: இந்தக் குறியீடுகள் எடுபடுமா?

கோட்டூர்வாசி:
அடையாற்றில் பயிற்சி எடுக்கும் நான்கு பேர், ஒரு காக்ஸ் (துடுப்புப் போடாமல் படகை வழிநடத்திக் குரல் கொடுப்பவர்), கடைசிக் காட்சியில் 2000 மீட்டர் ரேஸ். வசதியான வீட்டுப் பையனும் குப்பத்துப் பையனும் ஒரே படகில். மூன்று படிமம் வைத்திருக்கிறேன்: வாழ்க்கை ஒரு படகு, காக்ஸும் ஸ்ட்ரோக்கும் (பின்முனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தாளம் தருபவர்) ரேஸ் முழுக்கக் கண்ணோடு கண் பார்ப்பது, முடிவில் துடுப்பு முறிவது. விஷயம் தெரிந்தவர்கள் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

எதிர்க்காற்று:
கண்ணோடு கண் பார்ப்பது எட்டுப் பேர் படகில்தான் நடக்கும். அங்கே காக்ஸ் பின்முனையில், ஸ்ட்ரோக்குக்கு நேர் எதிரே உட்காருவார். இப்போதைய நால்வர் படகில் காக்ஸ் முன்முனைப் பொந்துக்குள் கால் நீட்டி மல்லாந்து கிடப்பார். துடுப்புப் போடுகிறவர்கள் நால்வரும் அவருக்கு முதுகு காட்டி இருப்பார்கள். யார் முகமும் அவருக்குத் தெரியாது, ஸ்பீக்கரில் குரல் மட்டும் போகும். உங்கள் கதைக்கு இது இன்னும் வசதி என்பேன்.

பார்வை விஷயத்தில் இன்னொன்று. துடுப்புப் போடுகிறவர் பின்முனையைப் பார்த்தே உட்காருவதால் எல்லைக்கோட்டைப் பார்ப்பதே இல்லை. முந்தும் படகுக்காரன் கண்ணில் எதிராளிகள் வரிசையாகத் தெரிவார்கள். கடைசியில் வருகிறவனுக்குத் தன் துடுப்பு விட்டுவந்த சுழிகளும் வெறும் தண்ணீரும்தான்.

துடுப்பு முறிவது சினிமா. கார்பன் ஃபைபர் துடுப்பு எதிலாவது மோதினால் ஒழிய லேசில் முறியாது. உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது ‘கிராப்’. பிளேடு (துடுப்பின் தட்டை முனை) தண்ணீருக்குள் இருக்கும்போதே மணிக்கட்டு அவசரப்பட்டுத் திருப்பிவிட்டால் தண்ணீர் அதைக் கவ்விக்கொள்ளும். படகு ஓடுகிற வேகத்தில் கைப்பிடி திரும்பி வந்து வயிற்றில் இடிக்கும், சில நேரம் ஆளையே வெளியே தூக்கி எறியும். தப்பு அரை நொடிதான், ஆனால் படகே நிற்கிற மாதிரி ஆகிவிடும்.

மரைதிருகி:
வர்க்க வேறுபாட்டுக்குக் குறியீடு தேடுகிறீர்கள், அது படகிலேயே இருக்கிறது: ஷூ. ஸ்ட்ரெச்சர் என்கிற, கால் ஊன்றும் பலகையில் மாட்டியிருக்கும், படகை விட்டு வராது. காலையில் ஒருவன் கால் விட்ட அதே ஷூவில் மாலையில் இன்னொருவன் விடுவான். பாட்டாவோ நைக்கியோ, படகுத்துறையில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏறணும், கோயில் வாசல் மாதிரி. ஷூவின் குதிகாலில் ஒரு கயிறு இருக்கும். குதிகால் 7 செ.மீ.க்கு மேல் தூக்காதபடி கட்டுவார்கள். படகு கவிழ்ந்தால் கால் உருவிக்கொண்டு வரத்தான் அது. கயிறு அறுந்திருப்பதை ஒருவன் கவனிக்காமல் விடுகிறான் என்று முதலிலேயே காட்டினால், பிறகு கதைக்கு உதவும்.

அணியம்:
‘வாழ்க்கை ஒரு படகு’ வேண்டாமே. புறநானூறு 192-இல் நீர் போன வழியில் போகிற புணை ஏற்கெனவே இருக்கிறது, அதோடு போட்டி போட முடியாது. ரேஸ் படகின் தன்மை வேறு. இழுக்கும்போது அது உச்ச வேகத்தில் இருக்காது. துடுப்பு மேலே வந்து, ஆட்கள் ஸ்லைடில் (சறுக்கும் இருக்கையின் தடத்தில்) பின்முனைப் பக்கம் நகரும்போதுதான் படகின் வேகம் உச்சத்தைத் தொடும். அந்த நேரத்தில் பதறி வேகமாகச் சறுக்கி வந்து சட்டென்று நின்றால், அந்த எடை படகைப் பின்னுக்குத் தள்ளும். அவசரக்காரன் ஒருத்தன் போதும், நாலு பேர் உழைப்பும் போச்சு.

முடிவுக் காட்சிக்கு முன்முனை வெள்ளை ரப்பர் பந்தைப் பாருங்கள். குறைந்தது 4 செ.மீ. குறுக்களவு. குத்துக்காயம் வராமலிருக்க வைத்தது, ஆனால் ஃபோட்டோ ஃபினிஷில் அதுதான் கோட்டைத் தொடும்.

கோட்டூர்வாசி:
காக்ஸை மாற்றி எழுதிவிடுகிறேன், துடுப்பு முறிவதும் போயிற்று. ஷூ பொருந்தாவிட்டால் என்ன செய்வார்கள்?

மரைதிருகி:
பெரிய சைஸ்தான் மாட்டியிருப்பார்கள், சின்னக் கால் என்றால் தடி சாக்ஸ், பட்டையை இறுக்கணும். கால் நீளத்துக்குப் பலகையையே நகர்த்துவார்கள்: சிறகு மரைகளைத் தளர்த்தி, பல் வரிசையில் இழுத்து வைத்து, மறுபடி இறுக்கணும். ஒரு மரை லூஸாக இருந்தாலும் முதல் பத்து இழுப்பில் பலகை நழுவிவிடும். உயரமான பையன் இருந்த சீட்டில் குட்டையானவன் ஏறினால் முதல் வேலையே அதுதான்.