விஜிலான்டிக்கு "தன்னார்வக் காவலர்" வேண்டாமே

வணக்கம் ஐயா,

சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்பவரைக் குறிக்கும் "விஜிலான்டி" என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக நீங்கள் சொன்ன "தன்னார்வக் காவலர்" எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்பானிய மொழியில் விஜிலான்டி என்றால் வெறும் காவலாளிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன்னார்வலர் என்றதும் நமக்கு வெள்ளத்தில் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்தவர் முகமல்லவா நினைவுக்கு வருகிறது?

இந்தச் சொல்லை அமெரிக்க மதுவிலக்குக் காலத்து இல்லினாய் மாநிலத்தில், வில்லியம்சன் கவுண்டி என்ற மாவட்டத்தில் வைத்துப் பாருங்கள். 1923 டிசம்பரில் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளானின் ஆட்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, எஸ். கிளென் யங் தலைமையில் சாராயக் கடைகளில் புகுந்தார்கள், அப்புறம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த இத்தாலியர்களின் வீடுகளுக்குள்ளும் புகுந்தார்கள். சாப்பாட்டோடு குடிக்க வீட்டிலேயே போட்டு வைத்த திராட்சை மது, அதுதான் பிடிபட்ட குற்றம். வந்தேறிகள், கத்தோலிக்கர்கள் என்ற வெறுப்புதான் உள்ளே இருந்தது, மது ஒரு சாக்கு.

என் பரிந்துரை "தான்தோன்றிக் காவல்". தான்தோன்றித்தனம் என்று வீட்டில் திட்டாதவர் யார், விளக்கமே தேவையில்லை. மத்திய மதுவிலக்கு அதிகாரிகளே கிளான் ஆட்களுக்கு அதிகாரம் கொடுத்தார்களே, பிறகு எப்படித் தான்தோன்றி என்று நேற்று தோழி ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதிகாரம் மேலிருந்து வந்திருக்கலாம், ஆனால் எந்த வீட்டுக் கதவை உடைப்பது என்று முடிவு செய்தது கிளான்தானே.

கிளானோடு மோதிய எதிர்ப்பக்கத்துக்கு "கள்ளச்சாராயக்காரர்" என்பதும் போதாது, அது காய்ச்சுபவரைத்தான் முதலில் காட்டுகிறது. சார்லி பர்கரும் ஷெல்டன் சகோதரர்களும் ஆள்படை வைத்துச் சரக்கு கடத்தி விற்றவர்கள். "கள்ளமதுக் கும்பல்" என்றால் விற்பனையும் வருகிறது, கும்பலும் வருகிறது. 1926 ஏப்ரல் 13, தேர்தல் நாளன்று ஹெரின் ஊரில் இவர்கள் கிளானோடு மோதியதில் ஆறு பேர் செத்தார்கள், அதோடு அங்கே கிளான் ஒடுங்கியது. அதற்காக இவர்களை நல்லவர்களாக்க முடியாது, பிறகு தங்களுக்குள்ளேயே பகைத்துக்கொண்டு, அதே ஆண்டு நவம்பரில் ஷெல்டன் ஆட்கள் பர்கரின் இடத்தின் மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள்.

இந்த மோதலைக் "காவலர்", "சாராயக்காரர்" என்று எழுதினால், படிப்பவர் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்துவிடுகிறோம். என் சொல்லிலும் "காவல்" ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, அது உறுத்துகிறது. அதை விட்டு வேறு நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.