ஐஇஎல்டிஎஸ் சொற்கள் மனதில் நிற்க என்ன வழி?

கோத்தகிரியிலிருந்து:
நர்ஸிங் முடித்துவிட்டு அகாடமிக் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். அகாடமிக் வேர்ட் லிஸ்ட் என்ற கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து வரும் சொற்களின் தொகுதிகள்). காலையில் மனப்பாடம் செய்கிறேன், அம்மாவோடு தோட்டத்தில் இலை பறித்துவிட்டு வருவதற்குள் பாதி மறந்துவிடுகிறது. யாராவது வழி சொல்லுங்களேன்.

குன்னூரிலிருந்து:
தங்கச்சி, தனிச்சொல்லாகப் படிக்காதே. 'சிக்னிஃபிகன்ட்' என்றால் கூடவே 'இன்க்ரீஸ்' சேர்த்து எழுது, அப்புறம் பச்சைத் தேயிலை விலை ஏறியதைப் பற்றி அதே சொற்களில் ஒரு வரி. நான் ஒரு நாளைக்கு ஐந்து சொல்தான் படித்தேன், எல்லாம் இன்னும் நிற்கிறது.

ஊட்டியிலிருந்து:
வாய்விட்டும் சொல்லிப் பாரும்மா. 'அனலைஸ்' முதல் அசையில் அழுத்தம், 'அனாலிசிஸ்' இரண்டாவதில். பேச்சுத் தேர்வான ஸ்பீக்கிங்கில் இது ரொம்ப உதவும்.

கோத்தகிரியிலிருந்து:
சரிக்கா, தேயிலை விலை வரியை இன்றே எழுதிவிட்டு இங்கே போடுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.