எரிமலைத் தீவில் மகள் குடும்பம்: அங்கே இருக்கிற ஆட்கள் சொல்லுங்கோ

கொக்குவில் அம்மம்மா:
மகளும் மருமகனும் ஆறு வயதுப் பேரனும் பாரிசை விட்டு, இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. போன கிழமை பேரன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான், மலை நெருப்பைக் கக்குகிறது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நாங்கள் செம்மண்ணையும் சுண்ணாம்புக் கல்லையும் தவிர எதைக் கண்டோம்? அங்கே சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, நிம்மதியாக இருக்க முடியுமா?

தெற்குக்கரை:
அன்ரி, பயப்படாதேயுங்கோ. நான் அதே தீவின் தெற்கே சென் ஜோசப்பில் பதினொரு வருடமாக இருக்கிறேன், ஊர் நல்லூர். அந்த எரிமலை அடிக்கடி வெடிக்கும், உண்மைதான். ஆனால் எரிமலைக் குழம்பு பெரும்பாலும் ஆட்கள் குடியில்லாத பள்ளத்துக்குள்ளேதான் ஓடும். 1977இல் சென்ற் ரோஸ் பக்கம் ஊருக்குள் இறங்கியது, தேவாலய வாசல் வரை வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் கண்காணிப்பு நிலையம் அமைத்தார்கள். இப்போது நிலம் அதிரத் தொடங்கினால் முதலில் மலைப் பாதையை மூடிவிடுவார்கள். வெடித்தால் என் பிள்ளைகள் இரவில் பாய், தேநீர்ப் போத்தலோடு பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

மகளிடம் புயலைப் பற்றிச் சொல்லுங்கோ. தை, மாசியில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. தண்ணீர், மெழுகுதிரி, ரின் மீன், அரிசி முன்பே வாங்கி வைக்க வேணும். முதல் வருடம் நான் தண்ணீர் பிடித்து வைக்கவில்லை. இரண்டு நாள் குழாய் வரவில்லை, கைக்குழந்தையோடு பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

சாப்பாடு பிரச்சினையே இல்லை. மத்தியானம் சோறு, கறி, அவரை, பச்சைமிளகாய்ச் சம்பல் மாதிரி ருகாய். முருங்கை இலையை 'மூருங்' என்று சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆச்சியின் குடும்பப் பெயர் தமிழ், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறா, ஆனால் தமிழ் பேச வராது. என் மகளிடம் தேவாரம் கேட்டு, பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறா.

வல்வெட்டிப் பெடியன்:
அன்ரி, மகளுக்குப் பார்சல் அனுப்பினால் விதை, கன்று வையாதேயுங்கோ, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். வறுத்த தூள் அனுப்பலாமா என்று முதலில் கேளுங்கோ.

கொக்குவில் அம்மம்மா:
பிள்ளை, நீ நல்லா இருக்க வேணும். இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே ஏழு மணியாம். இன்றைக்கு எடுத்துத் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லப்போகிறேன். பேரனுக்குத் தேவாரம் நானே ஃபோனில் சொல்லிக் கொடுக்கிறேன், அந்த ஆச்சி மாதிரி ஆட்களும் பக்கத்திலிருந்து கேட்கட்டும்.